சின்ன தல இல்லாத சிஎஸ்கே: ஒரு பேட்ஸ்மேன் போனால் மொத்த பேட்டிங்கும் ஏன் ஆட்டம் காணுது?

சங்கரன்கோவில் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்தவங்களுக்கு இது தெரியும். அடிக்கிற ஆள் வரலைன்னா, டாஸ் போடும் முன்பே பாதி டீம் சோர்ந்துடும். ஆனால் உண்மையில் குறைவது அவர் அடிக்கும் ரன் மட்டும்தானா? இதற்கு நல்ல உதாரணம் 2020 ஐபிஎல்.

என்ன நடந்தது?

தொடர் தொடங்கும் முன்பே, சொந்தக் காரணங்களுக்காக அமீரகத்திலிருந்து நாடு திரும்பினார் சுரேஷ் ரெய்னா. அந்த சீசனில் சிஎஸ்கே 14 போட்டிகளில் 6-ல் மட்டுமே வென்று 7-வது இடம் பிடித்தது. பிளே ஆஃப் போகாமல் அந்த அணி வெளியேறியது அதுவே முதல் முறை.

ரன் மட்டும்தான் காரணமா?

இல்லை. 2019-ல் ரெய்னா எடுத்தது 383 ரன். தோனி, வாட்சன், டூ பிளெசிஸ் மூவருமே அவரைவிட அதிகம் எடுத்திருந்தார்கள். அப்புறம் ஏன் இவ்வளவு அடி?

* 3-வது இடம் காலி: அந்த இடத்துக்கு ஒருவரை நகர்த்தினால், அவர் இருந்த இடம் காலியாகும். ராஜஸ்தானுக்கு எதிராக 217 ரன்னை துரத்தியபோது தோனி 7-வதாகத்தான் களமிறங்கினார். சிஎஸ்கே 16 ரன்னில் தோற்றது.

* இடது கை இல்லை: விஜய், வாட்சன், டூ பிளெசிஸ், ராயுடு என டாப் ஆர்டரில் எல்லாருமே வலது கை. பந்தை வெளியே திருப்பும் லெக் ஸ்பின்னருக்கு இது கொண்டாட்டம். இடது கை வேணும்னு சாம் கரனை மேலே அனுப்பிப் பார்த்தார்கள்.

* மற்றவர்கள் மேல் சுமை: 2019-ல் 416 ரன் எடுத்த தோனி, 2020-ல் 200 ரன்னோடு நின்றார். ரெய்னா இல்லாதது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஃபார்மும் கைகொடுக்கலை.

எப்படி மீண்டது?

2021-ல் ரெய்னா திரும்பினார். ஆனால் 12 போட்டிகளில் 160 ரன்தான். இருந்தும் கோப்பை சென்னைக்கே! இடது கை மொயீன் அலி வந்தார். பெரும்பாலும் 3-வது இடத்தில் ஆடி 357 ரன் எடுத்தார். ருதுராஜ் 635, டூ பிளெசிஸ் 633 எனத் தொடக்கம் உறுதியானது.

ஆக, ஸ்டார் போனதும் இன்னொரு ஸ்டாரைத் தேடுவதைவிட, அவர் செய்த வேலை என்னன்னு கண்டுபிடிப்பதுதான் முக்கியம். உங்க ஊர் டீமுக்கும் இதேதான்!