வகுப்பில் இருப்பதும் பாடத்தில் இருப்பதும்

தமிழ்நாட்டில் கல்லூரியில் படிக்கும் எவருக்கும் 75 என்ற எண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் அத்தனை சதவீத வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுதலாம். குறைந்தால், அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம், மருத்துவச் சான்று, துறைத் தலைவர் அறை வாசல் என்று அலைய வேண்டும். அந்த எண் மாணவரை வகுப்பறைக்குக் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. உட்கார்ந்தவரின் கவனம் பாடத்தில் இருந்ததா என்பதை எந்த வருகைப் பதிவேடும் சொல்லாது.

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்பு செல்போனுக்கு வந்தது. அப்போது எல்லோரும் கவலைப்பட்டது இணைப்பைப் பற்றி. 2021 தொடக்கத்தில் ஏறக்குறைய 9.69 லட்சம் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அது அவசியமான உதவி. பிறகு வகுப்பறைகள் திறந்தன, ஆனால் இணையவழிப் படிப்பு போய்விடவில்லை. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் பாடங்களுக்குப் பட்டப்படிப்பில் கிரெடிட் உண்டு. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பின் பாடங்கள் இணையத்திலேயே நடக்கின்றன. காலையில் வகுப்பறை, மாலையில் ஜூம், இரவில் ஐஐடிகள் இணையத்தில் வழங்கும் என்பிடெல் பாடக் காணொலி என்று ஒரே மாணவர் ஒரே நாளில் மூன்று விதமாகப் படிக்கிறார். எந்த வழி நல்லது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மூன்று வழிகளிலும் மாணவரை ஏமாற்றுவது ஒரே விஷயம்தான் என்பதை அந்த விவாதம் மறைத்துவிடுகிறது.

நன்றாகப் பேசும் ஆசிரியர் பாடம் நடத்தும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்து வைத்தால் முதல் வரி வராது. இதைச் சோம்பல் என்றோ மறதி என்றோ சொல்லிவிட முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பிரிவுக்குக் கோவையான விரிவுரை. இன்னொரு பிரிவு சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குகளோடு மல்லுக்கட்டியது. தேர்வு வைத்துப் பார்த்தபோது மல்லுக்கட்டியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் “எவ்வளவு கற்றீர்கள்?” என்று கேட்டால், விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாக நினைத்தார்கள். திணறும்போது மனம் அதைத் தோல்வி என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில் கற்றல் அங்கேதான் நடக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையும் இதே திசையைக் காட்டுகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவு ஜெராக்ஸ் நோட்ஸைப் புரட்டித் தேறிவிடும் பலர் பருவத் தேர்வில் அரியர் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கத் தொடங்கும்.

நேரடி வகுப்பில் முதல் சிக்கல் நோட்ஸ். நம் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதே வகுப்பாகிவிட்டது. கை எழுதுகிறது, காது கேட்கிறது, நடுவில் யோசிக்க இடமில்லை. கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா என்றொரு பட்டிமன்றம் உண்டு. கையெழுத்தே சிறந்தது என்றது 2014-இல் வந்த ஓர் ஆய்வு; பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எந்தக் கருவியானாலும், வகுப்பு முடியும் ஐந்து நிமிடத்தில் நோட்டை மூடிவிட்டு, இன்று நடந்ததில் முக்கியமான மூன்று விஷயங்களைச் சொந்த வாக்கியத்தில் எழுதுவது பயன் தரும். எழுத முடியாத இடம்தான் மறுநாள் கேட்க வேண்டிய சந்தேகம்.

இரண்டாவது சிக்கல், பக்கத்து இருக்கை. கனடாவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னால் இருப்பவர் மடிக்கணினியில் வேறு வேலை பார்ப்பது கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்களின் மதிப்பெண், அப்படிப்பட்ட திரை கண்ணில் படாதவர்களைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைந்தது. முன் பெஞ்சில் உட்காரச் சொல்லும் பழைய அறிவுரைக்கு இது ஒரு நல்ல காரணம்: அங்கே பார்வையில் படும் திரைகள் குறைவு.

இணைய வகுப்பில் நிலைமை கடினம். வகுப்பறையில் ஆசிரியர் “நீ சொல்லு” என்று எழுப்பிவிடுவார். மியூட்டில் இருப்பவரை எழுப்ப யாருமில்லை. வகுப்பு நடக்கும் அதே செல்போனில்தான் வாட்ஸ்அப்பும் இருக்கிறது. ஹார்வர்டில் செய்து 2013-இல் வெளியான ஒரு சோதனையை ஒவ்வொரு என்பிடெல் மாணவரும் அறிந்திருக்க வேண்டும். 21 நிமிடப் புள்ளியியல் பாடக் காணொலியை நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு பிரிவினருக்குச் சிறு தேர்வு வைத்தார்கள். “இப்போது உங்கள் மனம் பாடத்தில் இருக்கிறதா?” என்று நடுநடுவே கேட்டபோது, தேர்வு இல்லாதவர்கள் சுமார் 40 சதவீத நேரங்களில் வேறெங்கோ இருந்தார்கள். தேர்வு எழுதியவர்களிடம் அது பாதிக்கும் கீழே இறங்கியது.

இதை வீட்டில் செய்ய யாருடைய உதவியும் தேவையில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காணொலியை நிறுத்துங்கள். செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். அதுவரை சொன்னதை ஒரு தாளில் எழுதுங்கள். 20 நிமிடக் காணொலி அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், இழுக்கட்டும். என்பிடெல் சான்றிதழில் வார அசைன்மென்டுகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. டெலிகிராம் குழுவில் விடை பார்த்து எழுதினால் முதல் 25 வந்துவிடும். மீதி 75-க்கு உதவியிருக்கக்கூடிய பயிற்சி, வாரம் ஒன்றாகக் கைவிட்டுப் போயிருக்கும்.

நேரலை இணைய வகுப்பில் இன்னொரு சிக்கல், களைப்பு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் அதன் காரணங்களை எழுதினார்: மிக அருகில் தெரியும் முகங்கள், ஓயாமல் தன் முகத்தையே பார்ப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக மெனக்கெடுவது. தன் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடலாம். அதற்கான வசதி ஜூமிலேயே இருக்கிறது.

நேரடி வகுப்பு, இணைய வகுப்பு இரண்டையும்விடக் குறைவாகக் கவனிக்கப்படுவது கலப்பு வகுப்புதான். பாதிப் பேர் அறையில், மீதிப் பேர் திரையில். ஆசிரியரின் கண் இயல்பாகவே எதிரில் இருப்பவர்களிடம் போகும். கரும்பலகை கேமராவில் மங்கும். அறையில் ஒருவர் கேட்ட கேள்வி மைக்குக்கு எட்டாது, பதில் மட்டும் கேட்கும். திரையில் இருப்பவரை இங்கே குறை சொல்வது நியாயமில்லை. கேள்வியைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வது ஆசிரியரின் பொறுப்பு. அறையில் இருக்கும் ஒரு மாணவரிடம் சாட் பெட்டியைக் கவனிக்கும் வேலையை முறைவைத்துக் கொடுக்கலாம்.

அந்தச் சாட் பெட்டியை நம் ஊரில் யாரும் போதுமான அளவு மதிப்பதில்லை. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் எழுந்து நின்று சந்தேகம் கேட்க அஞ்சுகிறது. இலக்கணம் தவறினால் சிரிப்பார்களே என்ற பயம் கேள்வியைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறது. அதே பிள்ளை சாட்டில் ஆசிரியருக்கு மட்டும் தனியாக, “சார், அந்த ரெண்டாவது ஸ்டெப் எப்படி வந்துச்சு?” என்று கேட்டுவிட முடியும். கேட்டவர் பெயரைச் சொல்லாமல், கேள்வியை மட்டும் உரக்கப் படித்து, தமிழிலும் ஒருமுறை விளக்கும் ஆசிரியரிடம் அடுத்த வகுப்பில் இன்னும் நாலு பேர் கேட்பார்கள்.