குறட்டையும் கழுத்துக்குள் இருக்கும் ஒரு காவலாளியும்

குறட்டையை நாம் நல்ல தூக்கத்தின் அடையாளமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையத்திலோ தொழிற்சாலையிலோ ஷிஃப்ட் முடித்து வந்தவர் குறட்டை விட்டால், 'அலுத்துப்போய் தூங்குகிறார்' என்று வீட்டார் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குறட்டை திடீரென நின்று, பத்து இருபது நொடி மூச்சே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

அந்த நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது? மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில், இரு பக்கமும் ஓர் அரிசிமணி அளவில் 'கரோட்டிட் பாடி' என்ற உறுப்பை அல்லாஹ் அமைத்திருக்கிறான். இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் இதன் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் மூடுகின்றன. கால்சியம் உள்ளே புகுகிறது. நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. மூச்சு வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தமும் ஏறுகிறது. மூச்சைக் கட்டுப்படுத்துவதில் இந்தப் பகுதிக்குள்ள பங்கைக் கண்டறிந்த பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இது நொடிக்கணக்கு வேலை. குறைபாடு நீடித்தால் 'ஹிஃப்' என்ற புரதம் வருகிறது. செல் இதை ஓயாமல் உற்பத்தி செய்கிறது. ஆக்ஸிஜன் போதிய அளவு இருந்தால் அதன்மேல் ஒரு குறி விழுந்து உடனே அழிக்கப்படும். ஆக்ஸிஜன் குறைந்தால் குறி விழாது. புரதம் சேர்ந்து, தேவையான மரபணுக்களை இயக்கும். இதை விளக்கிய செமன்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பெற்றனர். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்குப் போகிறவர்களின் மூச்சு சில நாளில் அந்தக் காற்றுக்குப் பழகுவதில் இந்த உறுப்புக்கு முக்கியப் பங்குண்டு.

அப்படியானால் குறட்டைக்காரருக்கும் பழகிவிடாதா? இல்லை, இங்கேதான் சிக்கல். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இந்திய வம்சாவளி விஞ்ஞானி நந்தூரி பிரபாகர் குழுவினர், செமன்சாவோடு சேர்ந்து எலிகளில் ஆராய்ந்தனர். ஹிஃப்-1, ஹிஃப்-2 என்ற இரண்டும் தராசுத் தட்டுகள் போல. ஆக்ஸிஜன் விட்டுவிட்டுக் குறையும்போது முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. செல்லை அரிக்கும் ஆக்சிஜனேற்றப் பொருட்கள் பெருகி, கரோட்டிட் பாடி அளவுமீறித் துடிப்படைகிறது. ஆபத்து இல்லாத பகலிலும் அது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இரத்த அழுத்தம் இறங்குவதில்லை.

மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை என்பவர்கள் நம் ஜமாஅத்துகளில் பலர். அவர்களில் எத்தனை பேர் தம் குறட்டையை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார்கள்? சொல்ல வேண்டும். தூங்குபவருக்குத் தெரியாது, மனைவியே சாட்சி. மூச்சு நிற்பதைச் செல்போனில் பதிவு செய்து காட்டலாம். தூக்கப் பரிசோதனையில் நோய் உறுதியானால் எடைக் குறைப்பும், இரவில் முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவியும் உதவும். பகலில் தூங்கி விழும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் தள்ளிப்போடவே கூடாது. பிரஷர் மாத்திரையை நாமாக நிறுத்துவதோ, மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடுவதோ வேண்டாம். தூக்க மாத்திரை சிலருக்கு மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும்.