விதைக்கோட்டை கெட்டுப்போன உயிரி

"ஒரு செல்லுக்கு இரண்டு உட்கரு எதற்கு? ஒன்று கெட்டுப்போனால் என்ன ஆகும்?" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு உட்கரு கொண்ட ஒற்றைச் செல் உயிரியான பரமீசியத்தின் படத்தில் பாகம் குறித்ததோடு நிற்காமல் கேட்டாரே, அந்த இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

பரமீசியத்தின் உறவான டெட்ராஹைமினாவை வைத்துப் பதில் சொல்கிறேன். குளத்து நீரில் வாழும் இந்த ஒற்றைச் செல்லின் நீளம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதன் உட்கருக்களைப் புரிந்துகொள்ள ஓர் உவமை: எங்கள் வீட்டில் குதிர் நெல்லைத்தான் குத்திச் சமைப்பார்கள். அடுத்த விதைப்புக்கான விதைக்கோட்டையைப் பாட்டி தொடவே விடமாட்டார். இதன் பெரிய உட்கரு குதிர், சிறியது விதைக்கோட்டை. பெரியதில் மரபணுக்கள் ஏறத்தாழ 45 பிரதிகளாகப் பெருகி அன்றாட வேலைகளை நடத்துகின்றன. சிறியதில் 5 ஜோடி குரோமோசோம்கள் அடுத்த தலைமுறைக்காகச் செயல்படாமல் இருக்கின்றன. இரண்டு செல்கள் இணையும்போது சிறிய உட்கருவின் பாதிப் பங்கை மாற்றிக்கொள்ளும். அதிலிருந்து புதிய பெரிய உட்கரு உருவாகும், பழையது அழியும்.

ஆய்வகங்களில் ஏ-ஸ்டார் என்றொரு டெட்ராஹைமினா வம்சம் உண்டு. அதன் சிறிய உட்கருவில் குரோமோசோம்கள் குறைந்து சிதைந்திருக்கும். ஆனாலும் நீந்தும், தின்னும், இரண்டாகப் பிரிந்து பெருகும். பெரிய உட்கரு நன்றாக இருக்கும்வரை வெளியே குறையே தெரியாது. நல்ல செல்லோடு இணையும்போதுதான் தெரியவரும்: கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. துணை தந்த ஒற்றைத் தொகுதியை வாங்கி, அதையே இரட்டித்துக்கொள்ளும். தந்த செல்லும் தன்னிடம் மிஞ்சியதை அப்படியே இரட்டிக்கும். ஆச்சரியம் இதற்குமேல்தான். இம்முறை பழைய பெரிய உட்கரு அழிவதில்லை! பிரிந்துபோகும் ஏ-ஸ்டாரின் உடலை நடத்துவது அதன் பழைய மரபு; விதையாக இருப்பதோ முழுக்கத் துணையின் மரபு. மறுபடி இணைந்தால்தான் அது உடலில் வெளிப்படும். 1967இல் மரபியலாளர் சாலி ஆலன் இதையே ஒரு கருவியாக்கிக் காட்டினார். உட்கலப்பில் பல தலைமுறை பிடிக்கும் கலப்பற்ற வம்சம், இரண்டே இணைவில் கிடைத்துவிடுகிறது. குறையுள்ளது என்று ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

குரோமோசோம் முனைகளான டெலோமியர்களைப் பற்றி 2009இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வுக்கும் இந்த உயிரிதான் அடித்தளம். நம் பள்ளிகள் பலவற்றிலோ நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. குளத்து நீரில் வைக்கோலை ஒரு வாரம் ஊறவைத்தால் போதும், பரமீசியம் பெருகிவிடும். ஒரு சொட்டு எடுத்து அசிட்டோகார்மைன் சாயம் விட்டால் பெரிய உட்கரு சிவந்து தெரியும். ஆசிரியர்களே, இந்தப் பருவத்திலாவது அந்தப் பீரோவைத் திறந்து பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.