வகுக்கிற எண் பழசானால்?

ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மாதச் செலவை மெஸ் ஸ்ட்ரெங்த்தால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பில் வரும். ஸ்ட்ரெங்த் தப்பு என்றால், செலவை எவ்வளவு துல்லியமாக எழுதியிருந்தாலும் பில் தப்புதான். போன வருஷ ஸ்ட்ரெங்த்துக்கே அரிசி போட்டால், கடைசியாக வருகிறவனுக்குச் சாதம் இருக்காது.

நாட்டுக்கும் இதே கதைதான். தனிநபர் வருமானம், எழுத்தறிவு விகிதம், லட்சம் பேருக்கு எத்தனை மருத்துவர், எல்லாமே ஒரு பின்னம். மேலே இருக்கிற எண்ணுக்காக டிவியில் சண்டை போடுவார்கள். கீழே இருக்கிற எண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை. அதைத் தருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதாவது சென்சஸ். 1881 முதல் 2011 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-ல்கூட எண்ணினார்கள். 2021-ல் வரவேண்டியது மட்டும் கொரோனாவில் தள்ளிப்போய், தள்ளித் தள்ளி, 2027 மார்ச் 1 நள்ளிரவுக்கு வந்து நிற்கிறது.

தள்ளிப்போனால் என்ன குடி முழுகிவிடும்? ரேஷன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2013-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிராமத்தில் 75 சதவீதம் பேர் வரை, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை தானியம் பெறலாம். மொத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. எத்தனை பேரில்? கடைசியாக வெளியான சென்சஸ் எண்ணில். 2011-ல் நாம் 121 கோடி, அதனால் வரம்பு சுமார் 81 கோடி. ஐ.நா. மதிப்பீட்டில் 2023-லேயே 142 கோடியைத் தாண்டிவிட்டோம். அதே விகிதம் என்றால் கிட்டத்தட்ட 95 கோடி வரவேண்டும். நகரவாசிகள் கூடியிருப்பதால் இது கொஞ்சம் குறையும். அப்படியும் வித்தியாசம் பத்து கோடிக்கு மேல்!

தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் உண்டு என்பதால் இந்த அடி நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஜார்க்கண்ட் மாதிரி மாநிலத்தில் ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், ஒருவர் பெயர் நீங்கினால்தான் இன்னொருவர் உள்ளே வரமுடியும். தகுதி இருந்தும் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

'எல்லோரையும் எதுக்கு எண்ணணும், சாம்பிள் எடுத்தால் போதாதா?' என்று புள்ளியியல் பேப்பர் எழுதியவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மஹலனோபிஸ் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கி வைத்ததே அதற்காகத்தான். 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் சுமார் 2.6 லட்சம் வீடுகளிடம் கேட்டு, முழு நாட்டுக்கும் கணக்குச் சொன்னார்கள். ஆனால் சாம்பிளை எந்தப் பட்டியலிலிருந்து உருவுவது? கிராமங்களுக்கு அந்தப் பட்டியலைத் தருவதே சென்சஸ்தான். இடையில் ஊராட்சி ஒன்று ஃபிளாட்டும் மேன்ஷனுமாக மாறியிருந்தாலும், பட்டியலில் அது இன்னும் வயக்காடுதான். சாம்பிளை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தப் பிழை குறையாது, ஏனென்றால் பிழை பட்டியலில் இருக்கிறது.

எண்ணும்போதும் தப்பு நடக்கும். 2011 சென்சஸைச் சரிபார்க்க நடந்த மறு ஆய்வில், ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டது தெரிந்தது. வீடு மாறிக்கொண்டே இருக்கிற இளவட்டங்கள் விடுபடுவது எளிது. நம்மைத்தான் சொல்கிறேன்.

2011 விதிப்படி, பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க ஹாஸ்டலில் இருந்த மாணவரை ஹாஸ்டலில்தான் எண்ணவேண்டும், வீட்டில் இல்லை. ஊரில் அம்மா பாசத்தில் உங்கள் பெயரையும் சொல்லிவிட்டால் நீங்கள் ரெண்டு பேர். ஹாஸ்டலிலும் விட்டு, வீட்டிலும் 'அவன் இங்க இல்லைங்க' என்றால் நீங்கள் பூஜ்யம். சொன்ன தகவல் வெளியே போகுமோ என்று பயம் வேண்டாம். 1948-ம் வருஷ சென்சஸ் சட்டப்படி அதைக் கோர்ட்டில் சாட்சியமாகக்கூடக் காட்டமுடியாது. அடுத்த முறை வீட்டுக்குப் போன் பேசும்போது உங்கள் பெயர் எங்கே வரவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வார்டனிடமும் கேட்டுவையுங்கள்.