அரைப் பேரும் இயந்திர அறிவும்

பொல்பிட்டிய மின்னிலையத்துக்கு மேலே, மஸ்கெலியா, நோர்வூட், அட்டன் என மலை உயர உயரத் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. அங்கு கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி சம்பள வழக்கொன்றில் சாட்சி கூறுவதாகக் கொள்வோம். “அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்” என்கிறாள். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலையின் கணக்கு. அரைப் பேர் என்றால் பாதி நாட் கூலி. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்கு அவ்வாறு போடுவதுண்டு. மொழிபெயர்க்கும் இயந்திரமோ அதனைப் ‘பாதிப் பெயர்’ என்று சிங்களத்தில் எழுதிவிடக்கூடும். அவளுடைய வழக்கே அச்சொல்லில்தான் இருக்கிறது.

இயந்திரம் பொருளை உணர்ந்து எழுதுவதில்லை. எழுதப்பட்ட பெருந்தொகையான நூல்களிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்பதைக் கணித்தே எழுதுகிறது. மலையகத்தின் பேச்சு மொழியோ மிகக் குறைவாகவே ஏட்டில் ஏறியது. மனித மொழிபெயர்ப்பாளர் ஐயமுற்றால் சற்றே தயங்கி, “அரைப் பேர் என்றால் என்னம்மா?” என்று கேட்பார். இயந்திரம் பெரும்பாலும் தயங்குவதில்லை. அறியாததையும் அறிந்ததைப் போலவே அழகாகச் சொல்லிவிடும்.

2023ஆம் ஆண்டு நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இருவர், இத்தகைய இயந்திரம் கற்பித்துத் தந்த, உலகில் இல்லாத ஆறு தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டி 5,000 டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அத்தீர்ப்புகளைத் தேடிப் பார்க்க எதிர்த்தரப்பினருக்குச் சட்ட நூல்கள் இருந்தன. அட்டனில் வாய்மொழியாகக் கூறப்பட்ட சொல்லுக்கு ஏது நூல்? பிழை வழக்கேட்டில் ஏறியபின், மேன்முறையீட்டு நீதிபதிகள் படிப்பதும் அவ்வழக்கேட்டையே.

பிற நாடுகள் இதற்கு எல்லை வகுக்க முனைந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், சட்டத்தையும் வழக்கின் உண்மைகளையும் ஆராய்வதில் நீதிபதிக்குத் துணைசெய்யும் கருவிகளைப் பேரிடர் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்புகளை மொழிபெயர்க்கும் கருவியொன்றை அறிமுகஞ் செய்தது. ஆயினும் தாய்மொழிப் பெயர்ப்பு வழக்காளி படித்தறிவதற்கு மட்டுமே. ஆங்கில மூலமே அதிகாரமுடையது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் இன்னும் தெளிவாகப் பேசியது. மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்பையோ முடிவையோ எட்டுவதற்கு இயந்திரம் உதவக்கூடாது. அது செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுடைய மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்த்தல் வேண்டும்.

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தப்படி, நீதிமன்ற மொழியை அறியாத வழக்காளிக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசு வழங்கவேண்டும். அவ்வுரிமை ஏட்டிலிருக்க, தமிழும் சிங்களமும் வல்ல மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை நெடுநாளாக நீடிக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் மலிவான இயந்திரத்தை அமர்த்தும் எண்ணம் எழுவது இயல்பே. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் மட்டுமே எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை எழுதிவைத்துள்ளது. ஆனால் ‘பாதிப் பெயர்’ என்பது முடிவே அன்று. முடிவு செய்பவர் மனிதரே. பிழை அவர் செவிக்கு எட்டுமுன்னரே நுழைந்துவிட்டது. தீர்ப்பை மட்டும் காவல் செய்யும் விதி அதைப் பிடிக்காது.

ஆகவே சாட்சியின் குரலைப் பதிவுசெய்து வைத்தலும், மொழிபெயர்ப்பு சரியென்று ஒரு மனிதர் பெயரெழுதிக் கையொப்பமிடுதலும், பதிந்ததைச் சாட்சிக்குத் தமிழில் திரும்பப் படித்துக்காட்டுதலும் விதியாக வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பேர், பிரட்டு, லயம், பத்துச்சீட்டு முதலிய தோட்டச் சொற்களுக்குப் பொருள் கூறும் சிறு அகராதியொன்று நீதிமன்ற மேசையில் இருப்பின், அது மொழிபெயர்ப்பாளருக்கும் உதவும், இயந்திரத்தைத் திருத்துவோருக்கும் உதவும்.