வீட்டுத் தோட்டத்துக்கு எந்தத் தக்காளி?



"தக்காளி வெறும் புளிப்புக்குத்தானே?" என்று நினைக்காதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, தக்காளியில் உள்ள 'சி' வைட்டமின் உதவுகிறது. ரத்தசோகையைத் தடுக்க இதுவும் ஒரு துணை.

எந்த ரகம் நடலாம்?

கோ 3 (மருதம்): குட்டையான, அடக்கமான செடி. கொத்துக்கு 3 முதல் 5 காய். சுமார் 100 நாளில் முடிந்துவிடும். கொல்லையில் இடம் குறைவா? இதுவே போதும்.

பி.கே.எம். 1: அண்ணஞ்சி என்னும் நாட்டு ரகத்திலிருந்து வந்தது. பெரிய, தட்டையான பழம். காம்புப் பக்கம் பச்சை. சுமார் 135 நாள். தூரத்துச் சந்தைக்கும் தாங்கும்.

வீரிய ஒட்டு ரகம்: விளைச்சல் அதிகம். ஆனால் அதில் எடுத்த விதை அடுத்த தடவை அதே மாதிரி வராது. மறுபடியும் காசு கொடுக்கணும். முன் சொன்ன இரண்டிலும் விதையை நாமே எடுத்துக்கலாம்.

வீட்டுத் தேவைக்குக் கோ 3 நல்லது. ஒன்றரை அடிக்கு ஒரு செடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல், 3 வாரம் விட்டு விட்டு நடுங்கள். பழம் தொடர்ந்து கிடைக்கும்.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுபவள் தாய். கர்ப்பிணியானால் அவளுக்கு இரண்டு உயிருக்குச் சத்து வேணும். நர்சம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடக்கூடாது.

கணவன்மார்களே! தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு. முதலில் பழுக்கும் பழம் அவளுக்கு, சந்தைக்கு அப்புறம்.