‘மோரன்’: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் பாடசாலை முற்றங்களில் எம் பிள்ளைகள் விரைவிலேயே கேட்டறியும் சொற்களுள் ‘மோரன்’ என்பதும் ஒன்று. ‘மடையன்’ என்ற பொருளில் இன்று எவரும் எவர்மீதும் எளிதில் வீசிவிடும் இவ்வசைச்சொல் தெருவிலே பிறந்ததன்று. ஆய்வாளர் ஒருவரின் மேசையிலே பிறந்தது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான பயிற்சிப் பாடசாலையொன்றின் ஆய்வுத் தலைவராக விளங்கியவர் உளவியலாளர் ஹென்றி கொடார்ட். அக்காலத்தில் மிகக் குறைந்த அறிவுநிலையினர் ‘இடியட்’ என்றும், அவர்க்குச் சற்று மேற்பட்டோர் ‘இம்பெசில்’ என்றும் வகுக்கப்பட்டிருந்தனர். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குரிய அறிவுடன் நின்றுவிட்ட வளர்ந்தோரைக் குறிக்க, மூடன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1910இல் ‘மோரன்’ என்பதைக் கொடார்ட் ஆக்கினார். மூன்றும் அன்று கலைச்சொற்கள், இன்று வசைச்சொற்கள்.

புலம்பெயர்ந்தோர் கருத்தூன்ற வேண்டிய பகுதி இனியே வருகிறது. நியூயோர்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவில் ஐரோப்பியக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய காலம் அது. 1913இல் கொடார்டின் உதவியாளர்கள் அவர்களுட் சிலரைத் தெரிந்தெடுத்து, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அறிவுத்திறன் சோதனை நடத்தினர். கடற்பயணத்தாற் களைத்த அவ்வேழை மக்களிடம், இன்றைய திகதி என்ன என்றும், மூன்று நிமிடங்களில் அறுபது சொற்கள் கூறுக என்றும் கேட்கப்பட்டது. 1917இல் முடிவு வெளியாயிற்று: சோதிக்கப்பட்ட யூதருள் 83 விழுக்காட்டினரும், இத்தாலியருள் 79 விழுக்காட்டினரும் அறிவுக் குறைபாடுடையோராம்! எந்த இனத்திலும் ஐம்பது பேருக்கு மேல் சோதிக்கப்படவில்லை என்பதையும் நோக்குக.

இச்சோதனையின் மூலவடிவை 1905இல் பாரிசில் உருவாக்கிய அல்பிரட் பினேயின் நோக்கம் வேறு. கல்வியிற் பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு உதவவே அவர் அதனை வகுத்தார். கைதூக்கிவிடச் செய்த கருவி, முத்திரை குத்தும் கருவியாயிற்று. ‘மோரன்’ எனப்பட்டோரையும் கல்வியால் முன்னேற்றலாம் எனக் கொடார்டே 1928இல் ஏற்றுக்கொண்டார். அதற்குள் அச்சொல் ஊரெங்கும் பரவிவிட்டது.

புதிய நாட்டுப் பாடசாலையில் எம் பிள்ளைக்குக் குறைந்த புள்ளிகள் கிடைக்குமாயின், அச்சோதனை எம்மொழியில் நடந்தது, பிள்ளை அம்மொழியை எத்தனை மாதங்கள் கற்றது என்று ஆசிரியரிடம் பணிவுடன் வினவுவோம். வீட்டிலே அப்பிள்ளையை ‘மொக்கன்’ என்று ஏசுவதையும் இன்றோடு விட்டுவிடுவோம்.